வாசல் வரையாத வீடு

செண்பகவல்லி, தான் வரைந்த வீடுகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோவை இணையத்தில் ஏற்றிய புதன்கிழமை மத்தியானம், சொர்ணத்தக்கா தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பாலிஷ் போட்ட ஷூவோடு ஒரு ஆள் நடுவீட்டில் வந்து நின்றார். சீலிங்கைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மாடிப்படி திரும்புகிற இடத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார், கீரையையும் சொர்ணத்தக்காவையும் மட்டும் பார்க்கவில்லை, பிறகு தலைவாசல் வழியாக இறங்கிப் போனார், மூன்றாவது படியில் காலை வைத்ததும் ஆள் இல்லை. சொர்ணத்தக்கா எழுந்துபோய்ப் படியைத் தடவிப் பார்த்தாள். வெயில் பண்ணுகிற வேலை என்று சொல்லிக்கொண்டு மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் திரும்பி வந்து தலைவாசலைத் தாழ்ப்பாள் போட்டாள்.

அதே மத்தியானம் விடங்கபுரத்தில் இன்னும் பத்து வீடுகளில் அதே மாதிரி ஆட்கள் வந்து அதே மாதிரி போனார்கள். பதினொரு வீட்டுக்கும் பிளான் வரைந்தவள் செண்பகவல்லி. பதினொரு வருஷமாக இன்ஜினியர் ஆவுடையப்பன் சார் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு அடுப்படி எங்கே வரும், சாமி எந்த மூலையில் இருக்கும், மழைத்தண்ணி எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் முடிவு செய்தவள் அவள்தான் என்றாலும், தாளின் அடியில் இருந்த கையெழுத்து சாருடையது, ஆகவே சாருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஆபீசை மூடியபோது அவள் கையில் தன் பெயர் போட்ட ஒரு தாள்கூட இல்லை. மூன்று கம்பெனிக்கு எழுதினாள். மூன்றிலும் ஒரே பதில்: நீங்கள் செய்த வேலையை ஒரு இணையப் பக்கமாகப் போட்டுக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

வேலை கிடைக்காவிட்டால் அவளுக்கு இருந்த ஒரே வழி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, எட்டு வயது மகள் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு, செத்துப்போன புருஷனின் அக்காள் வீட்டு மாடி அறைக்குப் போவது. அந்த மதினி நல்லவள்தான், ஆனால் ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தால் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி கொடுப்பாள். அந்த மாடிப்படியில் பெட்டியோடு ஏறுவதை நினைத்தாலே செண்பகவல்லிக்குப் பயம். ஆகவே வீடு வீடாகப் போய்ப் போட்டோ எடுத்தாள், பக்கத்தில் பிளானைப் போட்டாள், "இதில் என் பங்கு" என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினாள், கடைசியில் தன் படத்தையும் வைத்து ஏற்றினாள்.

ஊருக்கு எதையும் பழக்கிக்கொள்ள மூன்று நாள் போதும். வெள்ளிக்கிழமைக்குள், பக்கத்தை யாராவது திறந்து பார்த்தால் பார்ப்பவர் அந்த வீட்டில் வந்து நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, டியூஷன் வாத்தியார் கடிகாரத்தை வைத்துப் பார்த்து ஒரு ஆள் எட்டு விநாடிக்கு மேல் நிற்பதில்லை என்று சொன்னார், பார்வைக்காரர் என்று அவர்களுக்கு ஒரு பெயரும் வந்தது. பார்வைக்காரரிடம் பேசக் கூடாது, வாசலை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். கொடியில் உள்பாவாடை காயப்போடுவதைப் பெண்கள் நிறுத்தினார்கள். ஹாலில் சட்டையில்லாமல் படுத்துக்கிடந்த ஆண்கள் பனியனாவது போட்டுக்கொண்டார்கள். மில் வேலை பார்க்கிற சுடலைமுத்து, தன் வீட்டுக்கு ஒரே நாளில் ஆறு பேர் வந்ததாக டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், வந்ததில் ரெண்டு பேர் உதட்டைப் பிதுக்கியதைச் சொல்லவில்லை. இணையப் பக்கத்தில் இடம் பிடிக்காத வீட்டுக்காரர்கள், "எங்க வீட்டையும் போடேன் தாயி, நாங்க என்ன குறைஞ்சா போயிட்டோம்?" என்று செண்பகவல்லியிடம் வந்து நின்றார்கள்.

உள்ளூர்க்காரர்கள் சிலர் விளையாட்டாகப் பக்கத்தைத் திறந்து பார்த்து, சோற்றுக் கையோடு அடுத்த தெரு வீட்டில் போய் நின்று, வெட்கப்பட்டு வெளியே நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை ஊரில் யாரும் திறப்பதில்லை என்று பேசாமலேயே ஒரு கட்டுப்பாடு வந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை. பார்வைக்காரர்கள் கண் சிமிட்டுவதில்லை. நாய்கள் அவர்களைப் பார்த்துக் குரைக்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. முக்கியமாக, அவர்கள் பார்த்த பார்வையில் வீட்டில் இருந்த மனுஷர்கள் யாரும் படவே இல்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்கள், வலிப்பு வந்து கிடந்த கிழவரைத் தாண்டி டைல்ஸைப் பார்த்தார்கள், பார்த்து எதையோ மனசுக்குள் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று.

இப்போது பன்னிரண்டாவது வீட்டைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் செண்பகவல்லியும் முதலில் நினைத்தாள்.

அது கட்டாத வீடு. கால்வாய்க்கரையில் அவளுக்கும் அவள் புருஷன் தளவாய்க்கும் என்று வாங்கிப்போட்ட மனைக்கு அவள் வரைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ரெண்டு வருஷம் வரைந்தாள். மாடியில் ஆதிரைக்கு ஒரு அறை, ஜன்னலையொட்டி உட்கார ஒரு மேடை, மேடையில் உட்கார்ந்தால் கால்வாய் தெரியும். எல்லாம் வரைந்து முடித்தாயிற்று, தலைவாசலைத் தவிர. தளவாயின் ராசிக்குக் கிழக்கு வாசல்தான் ஆகும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார்; கிழக்கே கால்வாய், வடக்கேதான் ரோடு. "கிழக்க வாசல் வச்சா படி எறங்கி நேரா தண்ணிக்குள்ளதான் போணும்" என்று அவள் சொன்னாள். அவன் பிடித்த பிடியை விடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சண்டை முற்றி, "அப்ப வாசலே இல்லாம கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனவன்தான். புறவழிச்சாலையில் லாரி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவள் திறக்கவில்லை, மனையில் கருவேலம் மண்டிவிட்டது.

ஆனால் அவள் வரைந்ததிலேயே நல்ல வேலை அதுதான். யார் கையெழுத்தும் இல்லாமல் அவள் ஒருத்தியின் வேலை. தென்மேற்கு மூலையிலிருந்து பார்க்கிற மாதிரி படம் எடுத்துப் போட்டால் வாசல் இல்லாதது யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் புதன்கிழமையே பன்னிரண்டாவதாக அதையும் சேர்த்து ஏற்றியிருந்தாள்.

முதலில் பார்த்தது ஆடு மேய்க்கப் போன ஒரு பெண். மனைக்கு மேலே அந்தரத்தில், தரையிலிருந்து ரெண்டரை அடி உயரத்தில், பேஸ்மட்டம் வரவேண்டிய மட்டத்தில், டை கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எட்டு விநாடி ஆயிற்று. அவர் நடந்தார், சுற்றினார், நின்றார். கையை நீட்டிக் காற்றைத் தடவினார். அவருக்கு வெளியே போக வழி இல்லை.

பத்து நாளில் அங்கே பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சிலர் கீழே நடந்தார்கள், சிலர் இல்லாத மாடிப்படியில் ஏறிப் பதினாலு அடி உயரத்தில் இல்லாத அறைகளில் நின்றார்கள், கீழே போகிறவர்களுக்கு அவர்களுடைய ஷூவின் அடிப்பாகம் தெரிந்தது. வாய் அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. ஒரு பெண் முழங்காலிட்டுச் சுவரின் அடியை நகத்தால் பிராண்டிக்கொண்டே இருந்தாள். சொர்ணத்தக்கா மனசு கேட்காமல் ஒரு குடம் தண்ணி கொண்டுபோய்ச் செங்கல் மேல் ஏறி நீட்டினாள்; குடம் எதிலோ இடித்து அவள் மேலேயே கொட்டியது. அதையும் ஊர் பழக்கிக்கொள்ளப் பார்த்தது. அந்த ரோட்டில் பள்ளிக்கூட வேனை விடுவதை நிறுத்தினார்கள், கால்வாய்க்குக் குளிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் வரும்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் சார் ஆட்டோவில் வந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"சார், பக்கத்த அழிச்சிரட்டா?"

"இருக்கிற வீட்ட இடிச்சா உள்ள இருக்கவன் என்னம்மா ஆவான்?" என்று கேட்டார் சார். "வாசல வரை. வரைஞ்சு ஏத்து."

அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தபோதுதான் அவள் எழுதிய மூன்றில் ஒரு கம்பெனியின் மெயில் வந்திருந்தது. பெரிய கட்டட நிறுவனம், தலைநகரில் இருக்கிறது. "உங்கள் பன்னிரண்டாவது வேலை எங்கள் இயக்குநரை மிகவும் கவர்ந்திருக்கிறது. அவர் அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரை பக்கத்தில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம். வேலை உங்களுக்கு என்றே எண்ணிக்கொள்ளலாம்."

பதினொரு வருஷத்தில் முதல்முறையாக யாரோ அவள் பெயரைச் சொல்லி அவள் வேலையைப் பாராட்டியிருந்தார்கள். அழுகை வந்தது. மனையில் சுவரைப் பிராண்டிய பெண்ணின் நகமும் கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ரெண்டே நாள்தானே, ரெண்டு நாளில் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று நினைத்தாள். அவள் கெட்டவள் இல்லை, அந்த மாடிப்படிக்குப் பயந்தவள், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள். ஆதிரைக்கு அன்று அரைநாள் பள்ளிக்கூடம். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது போன் தரையில் கிடந்தது. திரையில் பன்னிரண்டாவது வீடு, மாடி அறை, ஜன்னல் மேடை. பிள்ளையைக் காணோம்.

பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே கால்வாய்க்கரை வரைக்கும் ஓடினாள். ஆதிரை பதினாலு அடி உயரத்தில், இல்லாத மேடையில், யூனிஃபார்மோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையசைத்தாள். இறங்கி வா என்று செண்பகவல்லி கத்தினாள். பிள்ளை எழுந்து, படியிறங்கி, கூடத்துக்கு வந்தாள், வாசலைத் தேடினாள். ஒவ்வொரு சுவராகத் தடவினாள். பெரியவர்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து தடவினாள். அம்மாவுக்கு நேர் எதிரே வந்து நின்று ரெண்டு உள்ளங்கையையும் காற்றில் வைத்து அழுத்தினாள், அந்த முகம் மெல்ல மெல்ல மாறியது, வாய் கோணியது, சத்தமே கேட்காமல் அழுதாள். செண்பகவல்லி பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு அந்தக் காற்றைக் கையால் அடித்தாள். கருங்கல்லை அடித்த மாதிரி இருந்தது.

ஊர் கூடிவிட்டது. யாரோ லேப்டாப்பை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்கள். படத்தைத் திறந்தாள். வாசலை எங்கே வைப்பது? கிழக்கே வைத்தால் பிள்ளை கால்வாய்க்குள் இறங்குவாள். வடக்கே வைக்கலாம் என்றால் அவன் கடைசியாகச் சொன்ன சொல் குறுக்கே நின்றது. கை அசையவில்லை. நாலு வருஷமாக அவள் மனசுக்குள் அந்தச் சண்டையை முடிக்கவே இல்லை.

அப்போதுதான் தச்சுப் பட்டறை கொம்பையா ஆசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாயி, ஏங்கிட்ட ஒரு வாசல் நிலை இருக்கு. தளவாய் சொல்லிச் செஞ்சது."

"எப்ப அண்ணாச்சி?"

"அன்னைக்குக் காலம்பறதான். பைக்க நிறுத்திட்டு வந்து சொன்னாவ. வடக்குப் பாத்த வாசலுக்குச் செய்யும், அவ சொல்லுததுதான் சரி, ஆனா இப்பச் சொல்லாதீரும், நிலை வைக்கிற அன்னைக்கு நானே சொல்லிக்கிடுதேன்னு சிரிச்சுக்கிட்டே போனாவ. கொடுத்த வாக்குக்குச் செஞ்சு முடிச்சுட்டேன், ஆனா சாவு விழுந்த வீட்டுக்கு நிலையத் தூக்கிட்டு நான் எப்பிடி வருவேன்? பட்டறையிலேயே கெடக்கு."

செண்பகவல்லி வடக்கே ரோட்டைப் பார்த்தாள். "பாவி மனுஷா" என்று சொன்னாள். ஆசாரியைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துச் சிலர் அதட்டினார்கள்.

நிலையை வண்டியில் ஏற்றி வந்தார்கள். வேங்கை மரம், நாலு வருஷத்தில் கருத்துப்போயிருந்தது. வடமேற்கு மூலையிலிருந்து ஒன்பதடி நாலங்குலம் என்று அவள் டேப்பைப் பிடித்துக் காட்டிய இடத்தில், கருவேலத்தை வெட்டி, ஹாலோ பிளாக்கை ரெண்டரை அடிக்கு அடுக்கி, முன்னால் மூன்று படியும் வைத்து, அதன் மேல் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். சொர்ணத்தக்கா நவதானியத்தைக் கீழே போட்டாள். யாரோ மஞ்சள் பூசினார்கள். நிலையைச் சுமங்கலிகள்தான் பிடிக்க வேண்டும் என்று மதினி கூட்டத்திலிருந்து சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். ஆசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்ட வரைஞ்சவ அவ. உள்ள கெடக்கது அவ பிள்ள. பிடி தாயி."

நிலை நின்றது, ஆனால் உள்ளே இருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், யாரோ பிடித்திருந்த லேப்டாப்பில், படத்தின் வடக்குச் சுவரை வெட்டி வாசலை வரைந்தாள். மாற்றம் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்ன மெயில் திரையின் மூலையில் அப்படியே இருந்தது. இதை ஏற்றினால் வேலை போயிற்று என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏற்றினாள்.

உள்ளே தலைகள் ஒரே நேரத்தில் வடக்கே திரும்பின. முதலில் டை கட்டியவர் வந்தார், நிலையைத் தாண்டினார், மூன்றாவது படியில் மறைந்தார். அடுத்து நகம் பிய்ந்த பெண். ஒவ்வொருவராக வந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. சொர்ணத்தக்கா வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பதினேழாவது ஆள் போனதற்குப் பின்னால் ஆதிரை வந்தாள். செண்பகவல்லி நிலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு, மூன்றாவது படியில் அவளும் மறைந்துவிடுவாளோ என்று பயந்து, தூக்கிக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடினாள்.

"அம்மா, எல்லாரும் வாசல் எங்க வாசல் எங்கன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா."

"ஒண்ணுமில்ல ராசாத்தி. வந்துட்டல்லா."

"ஒரு மாமா மட்டும் கேக்கவே இல்ல. சோபால உக்காந்து, யாரு எப்ப அழுதான்னு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு. எனக்கும் எழுதுனாரு."

பிள்ளையைச் சேர்க்காமல் பதினெட்டு வரவேண்டிய சொர்ணத்தக்காவின் கணக்கு பதினேழில் நின்றது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. திரும்பிப் பார்த்தார்கள். கூடத்தின் நடுவில், இல்லாத சோபாவில், கால்மேல் கால் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசல் அவருக்கு நேர் எதிரே திறந்து கிடந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. "இயக்குநர் உங்கள் பழைய வடிவத்தைத்தான் விரும்புகிறார். வாசலை எடுத்துவிட்டால் வேலை உங்களுக்கே. அதேபோல் இருநூறு வீடுகள் வேண்டும், இருநூறு மனைகள் தயாராக இருக்கின்றன." ஆதிரை பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத சுவரில் அழுத்திச் சிவந்த உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி மூன்றே வார்த்தையில் பதில் எழுதினாள்: வாசல் அங்கேதான் இருக்கும்.

மறுநாளே இன்னொரு மெயில் வந்தது. "பரவாயில்லை. வேறு ஒருவரின் பக்கம் எங்களுக்குக் கிடைத்துவிட்டது." எந்த ஊர்க்காரர் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அந்த மாதம் முடியுமுன் அவள் வாடகை வீட்டைக் காலி செய்தாள். மதினி வீட்டு மாடிப்படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். பயந்த அளவுக்கு மோசமில்லை, அந்தப் படியை வரைந்ததும் அவள்தான், கால் வைக்கிற மிதியைக் கொஞ்சம் அகலமாகவே வைத்திருந்தாள். மாடி ஜன்னலைத் திறந்தால் கால்வாய்க்கரை மனையும் நிலையும் தெரியும்.

ஊர் அதையும் பழக்கிக்கொண்டது. செவ்வாய் வெள்ளி நிலைக்கு மஞ்சள் பூசுகிறார்கள், படியில் கோலம் போடுகிறார்கள். ஆனால் போட்டு முடித்துத் திரும்பும்போது யாரும் நிலைக்கு முதுகைக் காட்டுவதில்லை, ரோடு வரும் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து வருகிறார்கள். செண்பகவல்லி தினமும் சாயங்காலம் போய் நிலை ஆடாமல் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பாள்.

"வாசல் அந்தா இருக்கு. எந்திரிச்சுப் போங்க" என்று ஒருநாள், கூடத்தில் இன்னும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இயக்குநரிடம் சொன்னாள்.

பார்வைக்காரர்களில் மனுஷ முகத்தை நேராகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவளைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். பிறகு, வேறு யாருக்கோ இடம் விடுவது போல, சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.